உப்பு போடாத கொத்சு

சிதம்பரம்
14.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசு எழுதுகிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிற மனுஷனிடம் அந்த வரியை எழுதினால் அது கேலி. அதனால் வேறு மாதிரி கேட்கிறேன்: மேலே எத்தனை? கீழே எத்தனை?

பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்றை அறிவழகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற என் சிநேகிதன்தான். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். கையை மேசைமேல் நீட்டி, பேசாமல் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ‘பேசாமல்’ என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடித்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள் நீங்கள். இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை போனில் ஏதோ சொன்னீர்கள். எனக்குப் புரியவில்லை. “என்ன மாமா? சத்தமா சொல்லுங்க!” என்று கத்தினேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். கோர்ட்டில் டவாலியாக நின்று வாதி பிரதிவாதி பெயர்களைக் கூவிக் கூப்பிட்டே காலம் கழித்தவர் நீங்கள். நீங்கள் கூப்பிட்டால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். உங்களிடம் போய்ச் சத்தமாகப் பேசச் சொன்னேன். அதனால் போன் வேண்டாம். வலது கை நன்றாக வேலை செய்கிறது என்று அக்கா சொன்னாள். எழுதுங்கள். வாட்ஸ்அப்பும் வேண்டாம். அதில் எழுத்தைத் தேடித் தேடியே உங்களுக்குப் பிரஷர் ஏறும்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். சிதம்பரத்தைச் சுற்றிக் கிள்ளை வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எழுதுகிற கான்ட்ராக்ட் வேலை. ஊர் கையெல்லாம் என்னிடம் நீண்டது. உங்கள் கை மட்டும், “எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்” என்று பின்னால் போய்விட்டது.

இன்று முதல் சனிக்கிழமைதோறும் சாயந்திர பஸ்ஸில் ஒரு தூக்கு வரும். கத்தரிக்காய் கொத்சு, நானே செய்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது கௌரவம். எனக்கு அது ஒன்றுதான் செய்ய வரும். ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. புளி நம் வீட்டுப் புளி, அக்கா கொடுத்துவிட்டது. ஞாயிறும் திங்களும் இட்லிக்கு வைத்துச் சாப்பிடுங்கள். இட்லிக்கும் உப்பு கூடாது, அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கும்
இளவரசு


கடலூர்
19.6.2025

என் மச்சான் இளவரசுக்கு,

மாமா ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. நீ கேட்ட க்ஷேமம் இதுதான்: மேலே 152, கீழே 94. இன்று காலை எடுத்தது. நீ எப்படி இருக்கிறாய்? உனக்கும் ஒரு தடவை கையில் கட்டிப் பார்த்துக்கொள். ஊருக்குப் பார்க்கிறவன் தனக்குப் பார்க்க மாட்டான்.

இடது கால் இழுக்கிறது, ஆனால் மைதானம் வரை நடக்கிறேன். வாய்தான் கோணிக்கொண்டது. ர, ள, ழ மூன்றும் என்னைவிட்டுப் போய்விட்டன. உன் பெயரிலேயே இரண்டு எழுத்து காலி. வாதியையும் பிரதிவாதியையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் கேஸ் என்ன ஆவது?

மெடிக்கல் லீவு அக்டோபரோடு முடிகிறது. வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் திரும்ப உள்ளே போக முடியும். பிரஷர் அடங்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். இன்னொரு தடவை வந்தால் எழுந்திருக்க மாட்டீங்க என்றும் சொன்னார். உன் அக்கா வெளியே போய் நின்றுகொண்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சாவதற்கு எனக்கு இஷ்டமில்லை மச்சான். கோர்ட் வராந்தாவில் ஒரு தடவையாவது நின்று கூப்பிடவேண்டும்.

கொத்சு பிரமாதம். உப்பு போடாமலே இந்த ருசி எப்படி வந்தது? “தம்பிகிட்ட கத்துக்கோ” என்று உன் அக்காவிடம் எழுதிக் காட்டினேன். முறைத்தாள்.

அன்புடன்
மாமா

தம்பி, நான் ஒண்ணும் முறைக்கல, இவரு கத கட்றாரு. தூக்கக் கழுவி அனுப்பியிருக்கேன். நேரத்துக்குச் சாப்புடு. கலைமணி அக்கா.


சிதம்பரம்
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

152-ஐ க்ஷேமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் இறங்கவேண்டும். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் குழாயில் அழுத்தம் கூடும். சாதாரணமாகத் தூக்கத்தில் பிரஷர் கொஞ்சம் இறங்கி, இருதயம் மூச்சு விட்டுக்கொள்ளும். உப்பு ஜாஸ்தியானால் நிறையப் பேருக்கு ராத்திரியிலும் இறங்காது. தூங்கும்போதும் மூட்டை தூக்குகிற கூலி மாதிரி இருதயம் ஓடிக்கொண்டிருக்கும். விடிகாலையில் வாய் கோணுவது அப்படித்தான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. போன வாரம் நடவு வயலில் சின்னையன் என்று ஒருவர். 180 இருந்தது. “அய்யா, உப்பைக் குறைச்சுக்கங்க” என்றேன். தூக்கைத் திறந்து காட்டினார். சோறு. ஓரத்தில் பாக்கெட் ஊறுகாய்.

“எதுலேர்ந்து தம்பி கொறைக்கச் சொல்ற? இத எடுத்துட்டா வெறுஞ்சோறு. வெறுஞ்சோறு தொண்டைல எறங்குமா? எங்க, நீ தின்னு காட்டு.”

காய்கறி விற்கிற விலையில் ஏழைக்கு உப்பு ஒன்றுதான் மலிவான ருசி. அதையும் எடு என்று சொல்லிவிட்டு, ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன். பாவம் செய்கிறவனுக்குக்கூட இவ்வளவு சுலபமான கட்டம் கிடையாது.

உப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அம்மா போன பிறகு நான் உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், டீக்கடை சிங்காரம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏண்டா, அக்கா புருஷன் வூட்டு உப்பத் தின்னுட்டு ஒக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் கோர்ட் குரலில் திருப்பிக் கேட்டீர்கள்: “எங்க வூட்டு உப்ப எங்க வூட்டுப் புள்ள திங்குது. ஒனக்கு ஏன்யா கரிக்குது?” கடையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

‘உப்பைத் தின்னவன்’ என்று சொல்லித்தான் பண்ணையார்கள் ஆட்களைத் தலைமுறையாகக் கட்டிப்போட்டார்கள். அந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வாயிலிருந்து வந்தபோது மட்டும் அது என்னை அவிழ்த்துவிட்டது. நன்றி என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அதனால்தான் கொத்சு அனுப்புகிறேன்.

இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் முகாம். வர முடியவில்லை.

உங்கள் வீட்டு உப்பில் வளர்ந்த
இளவரசு


கடலூர்
7.7.2025

மச்சானுக்கு மாமா எழுதுவது.

இன்று திங்கள் காலை மேலே 168, கீழே 102. பயப்படாதே, தலை சுற்றல் இல்லை. நீ சொன்னபடி இரண்டு வேளையும் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. வியாழன், வெள்ளியில் கொஞ்சம் இறங்குகிறது. ஞாயிறு ராத்திரி ஏறிவிடுகிறது. திங்கள், செவ்வாய் அப்படியே நிற்கிறது. புதன் வந்தால்தான் இறங்க மனசு வருகிறது. இருதயத்துக்கும் திங்கட்கிழமை என்றால் ஆபீஸ் போகிற கஷ்டம் போல.

டாக்டரிடம் போனோம். “உப்பு சாப்பிடுறீங்க, பொய் சொல்லாதீங்க” என்றார். நான் வாயைத் திறந்தால் ஏதோ சத்தம் வருகிறது, அதை அவர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். எத்தனையோ பேரைக் கூண்டுக்குக் கூப்பிட்டு அனுப்பியவன் நான். நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

கொத்சு வழக்கம்போல் அபாரம். வாரம் முழுக்க உன் அக்காவின் சப்பென்ற சாப்பாட்டுக்கு அந்த இரண்டு நாள்தான் ஈடு.

உன் உடம்பைக் கவனி. வெயிலில் தொப்பி போடு.

மாமா

தம்பி, சத்தியமா நான் உப்பு போடலடா. டாக்டரு நம்ப மாட்டேங்குறாரு. நீயாவது நம்பு. அக்கா.


சிதம்பரம்
13.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பை நினைத்துத் தூக்கமில்லை. நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். ஞாயிறு ராத்திரி ஏறுகிறது என்றால் ஞாயிறு பகலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். இந்தக் கணக்குக்கு டாக்டர் வேண்டாம். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாட்டுக் குழம்பு.

இனி அக்காவுக்கு. அக்கா, சத்தியம் செய்யாதே. மாமா சரியாகச் சாப்பிடவில்லை என்று உனக்கு மனசு கேட்காது. ஒரு துண்டு போட்டால் என்ன என்று போட்டிருப்பாய். உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். கிராமம் கிராமமாக இதைத்தான் பார்க்கிறேன்: பாசம், பாசம் என்று சொல்லிப் புருஷனை உப்பில் ஊறவைத்துக் கொல்கிறார்கள். உனக்குத் தாலி வேண்டுமா, குழம்பு ருசி வேண்டுமா? ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்.

கடுமையாக எழுதினேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். மாமா பிழைத்தால் போதும்.

மாத்திரையை விடாதீர்கள்.

இளவரசு


கடலூர்
4.8.2025

மச்சானுக்கு,

மாமா எழுதுவது. பதில் தாமதம். மேலே 170, கீழே 100.

கருவாடு வீட்டுக்குள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாய்தான் கோணியிருக்கிறது, மூக்கு நேராகத்தான் இருக்கிறது. வாசம் வந்தால் எனக்குத் தெரியாதா? உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. காட்ட முடியாது என்பது உனக்குத் தெரியும். அவளே எடுத்துப் படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

பேச்சுப் பயிற்சிக்குத் தினமும் காலையில் பெயர்களைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் போய் நின்று பழகுகிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை.

ஞாயிறும் முகாம் என்று எழுதுகிறாய். சரி.

தூக்கு அனுப்பியிருக்கிறது. கொத்சு நன்றாக இருந்தது.

மாமா


சிதம்பரம்
10.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசு. 170 என்பது விளையாட்டில்லை. டாக்டரிடம் உடனே போய் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லுங்கள். அக்டோபருக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது?

கடிதத்தின் கீழே அக்காவின் வரி இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். தூக்கு எப்போதும் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி மல்லாட்டையோ வேறு கடலையோ போட்டு வரும். இந்தத் தடவை வெறும் தூக்கு.

நான் எழுதியது அவளுக்கு வலித்திருக்கும். ஆனால் எண் பொய் சொல்லாது மாமா. வேறு எங்கிருந்து வருகிறது அந்த உப்பு? நீங்களே சொல்லுங்கள்.

அக்கா கொடுத்த புளி தீர்ந்துவிட்டது. கேட்க முகமில்லை. இங்கே கடைத்தெருவில் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை தூக்கு வழக்கம்போல் வரும்.

சுகமாக இருக்கவேண்டும் நீங்கள்.

இளவரசு


கடலூர்
25.8.2025

மச்சானுக்கு மாமா எழுதுவது. நீ சௌக்கியம்தானே? இங்கே இரண்டு சேதி. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது.

கெட்டதை முதலில் சொல்கிறேன். உனக்கு என்ன ஆயிற்று? இரண்டு வாரமாகக் கொத்சு வாயில் வைக்க விளங்கவில்லை. கத்தரிக்காயைச் சுட்டுத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு நாள் உப்பு போடாமலே அப்படி ருசித்ததே, அந்தக் கைப்பக்குவம் எங்கே போனது? யார்மேலாவது கோபத்தோடு செய்கிறாயா? பாதியை மீத்துவிட்டேன். உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நல்லது: இன்று திங்கள் காலை மேலே 154. போன திங்களும் 156தான். டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. திங்கட்கிழமைக்கு என்னிடம் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மாமா


சிதம்பரம்
27.8.2025

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

இதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் என் பங்குக்கு வைத்திருந்த கொத்சை, எப்போதும்போல் உப்பு தூவிக்கொள்ளாமல், வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். வெறுஞ்சோறு எறங்குமா என்று சின்னையன் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதே கத்தரிக்காய், அதே மிளகாய், அதே கை. மாறியது ஒன்றே ஒன்று. புளி.

அக்கா கொடுத்த புளி இருந்த டப்பாவை இன்னும் கழுவவில்லை. அடியில் விரலால் துடைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. ஓரத்தில் இரண்டு கல் உப்பு கரையாமல் ஒட்டியிருந்தது.

மாமா, மங்கலம்பேட்டை மரத்துப் புளி ஒவ்வொரு சித்திரையிலும் மூட்டையாக வரும். அக்கா கொட்டை எடுத்துக் காயவைப்பாள். பிறகு பானையில் ஒரு அடுக்கு புளி, ஒரு அள்ளு கல்லுப்பு, மறுபடியும் புளி, மறுபடியும் உப்பு. பூச்சி வராமல் வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்கும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சின்ன வயதில் படியில் உப்பை அள்ளி அள்ளி அவளிடம் கொடுத்தவனே நான்தான். இந்த வருஷப் பானையை அவள் அடைத்தது உங்களுக்கு வாய் கோணுவதற்கு முன்னால். உப்பைப் பற்றி அப்போது நமக்கு என்ன பயம்?

குழம்பில் அவள் உப்பு போடவில்லை. கொத்சில் நான் போடவில்லை. இருவரும் சத்தியமாகத்தான் சொன்னோம். உப்பு சித்திரை மாதத்திலேயே போட்டாகிவிட்டது. கொத்சு என்றாலே புளிதான். உருண்டை உருண்டையாகக் கரைத்து ஞாயிறும் திங்களும் உங்களுக்கு நான்தான் ஊட்டியிருக்கிறேன். உங்களுக்கு நன்றி என்று நினைத்து அனுப்பியது அதுதான்.

அக்கா, வீட்டிலும் அந்தப் பானையைத் தொடாதே. எலுமிச்சம்பழமோ தக்காளியோ போட்டுச் சமை. உன்னிடம் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஊரில் யாராவது படித்த திமிரில் ஒரு பொம்பளையைக் குற்றவாளி ஆக்கினால் நான் சண்டைக்குப் போவேன். என் அக்காவை நானே ஆக்கினேன். நீ போடவில்லை என்று சொன்னாய். நான் எண்ணை நம்பினேன், உன்னை நம்பவில்லை.

இளவரசு


கடலூர்
7.9.2025

அன்புத் தம்பி இளவரசுக்கு,

அக்கா எழுதுறேன். நல்லா இருக்கியா? நான் இருக்கேன். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இப்பதான் பேனா புடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

ஒன் கடுதாசி வந்த அன்னைக்கே பானையத் தெறந்து ஒரு வில்ல வாயில போட்டேன். அம்மாடி. இத்தன வருசம் கொழம்புக்குக் கரைக்கிறேன், கை போற போக்குல உப்பு கம்மியாத்தான் போடுவேன், ஏன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. எதிர்வூட்டு பிரிசில்லாகிட்ட சொன்னேன், “எங்க வூட்டுலயும் அப்புடித்தான் அக்கா அடைக்கிறோம்”னு அதுவும் வாயப் பொத்திக்கிச்சு. தெருவே அப்புடித்தான். அதுக்குப் பிரசர் இல்லன்னு மிசின்ல பாத்துட்டு, கொழம்புக்குத் தனியா உப்பு போடாதன்னு சொல்லி, பானைய அதுகிட்டயே குடுத்துட்டேன்.

தாலி வேணுமா கொழம்பு வேணுமான்னு கேட்ட பாரு. அன்னைக்கு ஒன்ன ரெண்டு அற உடணும்னு இருந்துச்சு. இவரும் ஒன்ன ஒண்ணும் திட்டல, எனக்கு அதுல வேற கோவம். இப்ப மன்னிப்புக் கேக்க மொகமில்லாம எழுதியிருக்க. சோத்துல உப்பு போட்டுத் திங்கிறவனா இருந்தா நேருல வாடான்னு எழுதலாம்னு பாத்தேன். அப்புறம்தான் சிரிப்பு வந்துச்சு. இந்தக் குடும்பத்துல இப்ப எவன் உப்பு போட்டுத் திங்கிறான்?

தம்பி, இவரு ஒங்கிட்ட எழுதாத ரெண்டு விசயம் இருக்கு. கோர்ட்டுல பேரு ஓடுற போர்டு ஒண்ணு மாட்டிட்டாங்களாம். இனிமே கூப்புட ஆளு வேணாம், அவரு வந்தாலும் ஃபைலு தூக்குற வேலதான்னு யாரோ வந்து சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கும் காலைல எந்திரிச்சு மைதானத்துக்குப் போனாரு.

இன்னொண்ணு. அங்க யாரு பேரக் கூப்புடுறாருன்னு ஒரு நாளு பின்னாலயே போய்ப் பாத்தேன். ஒம் பேருதான். கோர்ட்டு மாதிரியே மூணு தடவ. ர வரல, ள வரல, இவவசு, இவவசுன்னு வருது. மூணாவது தடவ கூப்ட்டுட்டுக் கொஞ்ச நேரம் நிக்கிறாரு. நீ மொகாம்னு எழுதுறது மொகாமுக்காக இல்லன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரு கோண வாயப் பாக்க ஒனக்கு தைரியம் இல்ல. அது ஒண்ணும் அப்புடிப் பயப்படுற மாதிரி இல்லடா. சிரிச்சா முன்னவிட நல்லாத்தான் இருக்கு.

தூக்குல மல்லாட்ட வச்சிருக்கேன். வறுத்ததுதான், உப்பு இல்ல.

அக்கா


சிதம்பரம்
10.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீண்ட கடிதம் எழுத வரவில்லை. முகாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிடும். எப்போதுமே மத்தியானத்தோடுதான் முடியும். இந்த ஞாயிறு அதற்கும் ஆள் மாற்றிவிட்டேன்.

போர்டைப் பற்றி அக்கா எழுதினாள். ஓடுகிற எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் நீதி என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. கேட்டால் வசதி என்பார்கள். நீங்கள் பழகுவதை நிறுத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் வழக்கமான இடத்தில் நின்று கூப்பிடுங்கள். எந்த எழுத்து குறைந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் பதில் வரும்.

ஆஜர்.

இளவரசு


கடலூர்
3.11.2025

என் மச்சான் இளவரசுக்கு,

மாமா எழுதுவது. அறிவழகன் கையில் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன். நாளை வரை பொறுக்காது.

இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போடும்போது, “இப்பயாவது உப்ப விட்டீங்களே” என்றார். நான் விடவில்லை, என் மச்சான் கண்டுபிடித்து வெளியேற்றினான் என்று சொல்ல முயன்றேன். பாதிதான் வந்தது. உன் அக்கா மீதியைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, புளிப் பானை விஷயத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு உன் அக்காவிடம், “தப்பா நெனச்சுட்டேம்மா” என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் முகத்தில் அது இருந்தது.

கோர்ட்டில் எனக்கு ஃபைல் வேலைதான். போர்டில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. வராந்தாவில் அதற்கு நேர் கீழே ஒரு வயசான அம்மா, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலேயே ஒரு பெயர் ஓடியது. நின்றது. மறுபடியும் ஓடியது. உள்ளே கிளார்க், “ஆள் வரல” என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு ஏனோ அந்த அம்மாதான் என்று தோன்றியது. ஃபைலைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

பெயர் என்ன தெரியுமா? விருத்தாம்பாள். ர-வும் உண்டு, ள-வும் உண்டு. எனக்கென்றே வைத்த மாதிரி.

முதல் தடவை என்ன வந்ததென்று எனக்கே தெரியாது. இரண்டு ஜூனியர் வக்கீல்கள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை ர வந்துவிட்டது. மைதானத்தில் அன்றைக்கு நீ பின்னால் வந்து நின்று பதில் சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து மூன்றாவது தடவை கூப்பிட்டேன். “விருத்தாம்பாள்!” முழுசாக வந்தது மச்சான். தூணில் இருந்த புறா எழும்பிப் போயிற்று.

அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து என்னை ஒரு முறை முறைத்தார்.

“ஏன்யா இப்புடிக் கத்துற? இங்கதான ஒக்காந்திருக்கேன். நான் என்ன செவுடா?”

எனக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எந்த டாக்டரும் கொடுக்கப் போவதில்லை. “மன்னிச்சுக்கங்கம்மா, உள்ள போங்க” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். நாளைக்கும் வராந்தாவில் நிற்கச் சொல்லி ஜட்ஜ் அய்யா சொல்லி அனுப்பியிருக்கிறார். போர்டும் ஓடட்டும், இவரும் கூப்பிடட்டும் என்றாராம்.

சனிக்கிழமை கொத்சு அனுப்பு. கடைப் புளியிலேயே செய். சப்பென்றுதான் இருக்கும், பரவாயில்லை. இப்போது எனக்கு நாக்கு பழகிவிட்டது. கத்தரிக்காய்க்கு என்று தனியாக ஒரு ருசி இருப்பது இத்தனை வயதில் தெரிகிறது. சின்னையனைப் பார்த்தால் அவர் வீட்டுப் புளியையும் விசாரி. வெறுமனே டிக் போட்டுவிட்டு வராதே.

இன்று காலை மேலே 132, கீழே 84. ஆகவே முதல் கடிதத்தில் நீ எழுத மறுத்த வரியை இப்போது நான் எழுதுகிறேன்.

நலம். நலமறிய ஆவல்.

மாமா